ஒரு கேன்வாஸ், இரண்டு பேர்: யார் கதையை யார் வரையலாம்?

'அடுத்த சமூகத்தின் கதையை வரைய உனக்கு என்ன உரிமை?' கலை உலகில் அடிக்கடி எழும் சண்டை இது. மார்ட்டின் வோங்கின் ஓர் ஓவியம் இதற்கு நல்ல பதில்.

யார் இவர்?
சீன வம்சாவளி அமெரிக்கர். 1946-ல் பிறந்தவர், சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்தவர். 1978-ல் நியூயார்க் வந்தார். பின்னர் அவர் குடியேறிய லோயர் ஈஸ்ட் சைடில் புவெர்ட்டோ ரிக்கோ மக்கள்தான் அதிகம். அங்கே வோங் வெளியாள்.

என்ன செய்தார்?
தானே எல்லாம் தெரிந்தவர்போல வரையவில்லை. அங்கே பழகிய புவெர்ட்டோ ரிக்கோ கவிஞர் மிகெல் பினேரோவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். 1982-84-ல் உருவான 'அட்டர்னி ஸ்ட்ரீட்' ஓவியத்தில் கிராஃபிட்டி நிறைந்த சுவரை வரைந்தது வோங். வானத்தில் எழுதியிருக்கும் கவிதை பினேரோவுடையது. சைகை எழுத்துகளைக் காட்டும் கைகளும் உண்டு. ஓவியத்தின் முழுத் தலைப்பிலேயே பினேரோ பெயர் இருக்கிறது. இப்போது அது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் உள்ளது.

அப்போ சீன அடையாளம்?
அதை அவர் தொலைக்கவில்லை. 1990-களில் சைனாடவுனையும் வரைந்தார்.

அடுத்தவர் கதையைத் தொடவே கூடாது என்பதில்லை. அவரையே உள்ளே கூப்பிடணும், பெயரும் போடணும். இரண்டும் செய்யாமல் 'இன்ஸ்பிரேஷன்' என்று சொல்லிக்கொண்டால், அதற்குப் பெயர் வேறு.