‘பேச முடியுதுல்ல, அப்புறம் என்ன தடை?’

சீனாவுக்கு மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்காக 2016இல் மதுரையில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டிருந்தார்கள். என் அக்கா மகனும் போவதாக இருந்ததால் நானும் போயிருந்தேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு தகப்பனார் எழுந்து, “அங்க நெட்டெல்லாம் தடைன்னு சொல்றாங்களே சார், புள்ளகிட்ட பேசலாமா?” என்று கேட்டார். மேடையில் இருந்தவர் யோசிக்கவே இல்லை. “வீசாட்னு சீனச் செயலி இருக்கு, அதுல தினமும் முகம் பார்த்துப் பேசலாங்க, காசும் கிடையாது. பேச முடியுதுல்ல, அப்புறம் என்ன தடை?” என்றார். மண்டபம் கைதட்டியது. கேட்டவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து அந்த வாக்கியம் என்னைத் துரத்துகிறது. குவாங்சோவில் சரக்கு எடுத்துவிட்டு வரும் வியாபாரிகள் சொல்கிறார்கள். பத்து நாள் சுற்றுலா போய்வந்து பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் எழுதுகிறார்கள். தொலைக்காட்சி விவாதங்களில் வளர்ச்சிக்குச் சான்றாக அதையே எடுத்து வைக்கிறார்கள். இதற்கு அவர்கள் அடுக்கும் காரணங்கள் ஆறு. ஒன்றுகூடத் தேறாது என்பதால் வரிசையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது: “உண்மையிலேயே தடை என்றால் இணைப்பையே அறுத்திருப்பார்களே!” அறுத்தும் இருக்கிறார்கள். 2009 ஜூலை 5 அன்று ஷின்ஜியாங் பகுதியின் தலைநகரான உரும்ச்சியில் கலவரம் மூண்டபின் அந்தப் பகுதி முழுவதற்கும் இணையம் நிறுத்தப்பட்டது. வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புகளும் மாதக்கணக்கில் போகவில்லை. இணையம் முழுமையாகத் திரும்பியது 2010 மே மாதம். பத்து மாதம்! இதற்கு மேல் இந்த வாதத்துக்குப் பதில் தேவையில்லை.

இரண்டாவது: “வெளிநாட்டு நிறுவனங்கள் உள்ளூர்ச் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை, அதனால் வெளியேறின.” இதைச் சொல்கிறவர்கள் ஸ்கைப்பின் கதையை ஒரு முறையாவது படித்திருக்க வேண்டும். இணையம் வழியாகக் குரலைக் கொண்டுபோவதை வீட்டுக்கு வீடு பழக்கிய மென்பொருள் அது. 2003இல் வந்தது. அடுத்த ஆண்டே சீனாவில் டாம் ஆன்லைன் என்ற நிறுவனத்தோடு கைகோத்தது. 2005இல் இருவரும் கூட்டு நிறுவனமே தொடங்கினார்கள். சீனாவிலிருந்து ஸ்கைப்பின் முகவரியைத் தட்டினால் டாம் தளத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. இறக்கிக்கொள்ளக் கிடைத்தது டாம்-ஸ்கைப் என்ற தனிப் பதிப்பு. அதற்குள் விலக்கப்பட்ட சொற்களின் பட்டியல் ஒன்று இருந்தது. 2006இல் ஸ்கைப் இதை ஒப்புக்கொண்டது. அப்படிப்பட்ட சொல் வரும் எழுத்துச் செய்தி அங்கேயே கைவிடப்படும், வேறெங்கும் போகாது என்று உறுதியும் தந்தது. இதைவிடக் கட்டுப்படுவது எப்படி?

2008 அக்டோபரில் அந்த உறுதிமொழி உடைந்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபைச் சேர்ந்த நார்ட் வில்நோவ் என்ற ஆய்வாளர், டாம்-ஸ்கைப் எங்கோ தகவல் அனுப்புவதைக் கவனித்துப் பின்தொடர்ந்து போனார். செய்திகள் கைவிடப்படவில்லை. முழு வாசகமும் சீனாவில் உள்ள சர்வர்களுக்குப் போய்ச் சேமிக்கப்பட்டிருந்தது. அவை பூட்டப்படாமல் கிடந்தன. பூட்டிய தகவலைத் திறக்கும் சாவியும் அங்கேயே இருந்தது. சீனாவில் தடைசெய்யப்பட்ட ஃபாலுன் காங் ஆன்மிக இயக்கம், தைவான் விடுதலை, கம்யூனிஸ்ட் கட்சி பற்றிய செய்திகள் இருந்தன. குரல் அழைப்புகளின் பதிவுகளும் இருந்தன: யார் அழைத்தார், எந்த எண்ணுக்கு, எப்போது என்று. வெளிநாட்டில் உட்கார்ந்து அசல் ஸ்கைப்பைப் பயன்படுத்தியவர்களும் தப்பவில்லை. எதிர்முனையில் இருப்பவரிடம் டாம் பதிப்பு இருந்தால் போதும், இவர்களுடைய செய்தியும் அந்தக் கிடங்குக்குப் போய்விடும். ஸ்கைப் தலைமை தனக்கு இது தெரியாது என்றது. தெரியாமல் இருந்தது நிறுவனத்துக்கு நல்லதாக இருக்கலாம். அந்தப் பதிவுகளில் பெயர் இருந்தவர்களுக்கு அதனால் என்ன பயன்?

2013இல், அப்போது ஸ்கைப்பின் உரிமையாளராக இருந்த மைக்ரோசாஃப்ட் டாமை விட்டு வேறு கூட்டாளியிடம் போனது. 2017இல், இணைய அழைப்புச் செயலிகள் உள்ளூர்ச் சட்டத்துக்கு உட்படவில்லை என்று பொதுப் பாதுகாப்பு அமைச்சகம் தெரிவித்ததாகச் சொல்லி, ஆப்பிள் தன் சீனக் கடையிலிருந்து ஸ்கைப்பை எடுத்தது. பட்டியலை வைத்துக்கொண்டது, கூட்டு நிறுவனம் தொடங்கியது, பயனர்களின் நம்பிக்கையை அடகு வைத்தது. இவ்வளவுக்கும் பிறகு ஸ்கைப்புக்குக் கிடைத்தது இதுதான். கட்டுப்பட்டால் வாழலாம் என்பதற்கு இது எப்படி உதாரணமாகும்? கணினியிலிருந்து தொலைபேசிக்குப் பேசுவதைத் தடுத்ததில் அரசுத் தொலைபேசி நிறுவனங்களின் வருமானக் கணக்கும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கணினிக்குக் கணினி அனுப்பும் எழுத்துச் செய்தியைப் படித்து வைத்ததில் எந்த வருமானக் கணக்கு இருக்கிறது?

மூன்றாவது: “பசங்க விபிஎன் போட்டுக்குவாங்க.” இதை மட்டும் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இணையத் தடையைத் தாண்டிப்போகும் இந்த வழிக்கு அங்கே ‘சுவரேறுதல்’ என்று பெயர். அந்தத் தடைச் சுவரை வடிவமைத்தவர் என்று அறியப்படும் ஃபாங் பின்சிங்கே, தன் வீட்டுக் கணினியில் ஆறு விபிஎன் இருப்பதாகவும் அவை சோதிக்க மட்டுமே என்றும் 2011இல் ஒரு பேட்டியில் சொன்னார். அவரிடம் ஆறு இருக்கலாம். 1996ஆம் ஆண்டு விதி ஒன்றின்படி, அனுமதியில்லாத வழியில் வெளிநாட்டு இணையத்தைத் தொடுபவருக்கு 15,000 யுவான் வரை அபராதம் போடலாம். 2017 ஜூலையில் விபிஎன் செயலிகளும் ஆப்பிளின் சீனக் கடையிலிருந்து போயின. ஷின்ஜியாங்கில் போலீசார் கையில் இருந்த செயலியை 2019இல் மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பிரித்துப் பார்த்தபோது, சந்தேகத்துக்குரியவை என்று 51 இணையக் கருவிகள் அதில் இருந்தன. விபிஎன்கள் இருந்தன, வாட்ஸாப்பும் இருந்தது. பெய்ஜிங்கில் வெளிநாட்டு மாணவருக்குச் சின்ன வசதியாக இருக்கும் அதே பொருள், ஷின்ஜியாங்கின் கஷ்கரில் ஓர் உய்குர் முஸ்லிம் இளைஞனை விசாரணைக்குக் கொண்டுபோய் நிறுத்தும்.

இன்னொன்றையும் இவர்கள் யோசிப்பதில்லை. பேச இரண்டு பேர் வேண்டும். வெளிநாட்டில் படிக்கும் சீனப் பெண்ணிடம் எல்லாச் செயலியும் இருக்கும். சிச்சுவானில் ஒரு கிராமத்தில் இருக்கும் அவள் பாட்டியிடம் வீசாட் மட்டும்தான் இருக்கும். பாட்டி சுவரேற மாட்டாள். ஆகவே பேத்திதான் ஒவ்வொரு முறையும் சுவருக்குள் இறங்கிவந்து பேச வேண்டும். சுவரின் பலமே அதில்தான் இருக்கிறது.

நான்காவது, எனக்கு அதிகம் கோபம் வருவது: “அரசியல் பேசுறவங்களுக்குத்தான் பயம். சோறு சாப்பிட்டியா, தூங்குனியான்னு கேக்குறதை யார் கேக்கப் போறாங்க?”

நார்ட் வில்நோவ் கண்டெடுத்த கிடங்குக்கே திரும்பிப் போவோம். அங்கே சிக்கிய சொற்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, நிலநடுக்கம். இன்னொன்று, பால் பவுடர்.

2008 மே 12 அன்று சிச்சுவானில் நிலம் அதிர்ந்து பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளின் மேல் சரிந்தன. பக்கத்துக் கட்டடம் நிற்கும்போது பள்ளி மட்டும் ஏன் விழுந்தது என்று பெற்றவர்கள் கேட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் குழந்தைகளுக்கான பால் பவுடரில் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்திருப்பது வெளியே வந்தது. ஏறத்தாழ 3,00,000 குழந்தைகளுக்கு நோய். ஆறு குழந்தைகள் இறந்ததாக அரசே சொன்னது. அந்த மாதத்தில் சீனாவில் கைக்குழந்தை வைத்திருந்த எந்தத் தாய் தன் தங்கையிடம் பால் பவுடரைப் பற்றிப் பேசாமல் இருந்திருப்பாள்? ‘நீ எந்த டப்பா வாங்குற, புள்ளைக்கு மூத்திரம் ஒழுங்கா போகுதா’ என்பது அரசியலா? குடும்பப் பேச்சில் இதைவிடக் குடும்பமான பேச்சு உண்டா? எந்தச் சொல் அரசியல் என்று முடிவு செய்வது பேசுகிறவர் அல்ல. நேற்று வரை சமையலறையில் இருந்த சொல், ஓர் அதிகாரி செய்த தவறை மறைக்க வேண்டியிருப்பதால் இன்று பட்டியலுக்குள் போகிறது. பட்டியலோ யாருக்கும் காட்டப்படுவதில்லை. சொன்ன பிறகுதான் தெரியும்; பல நேரம் சொன்ன பிறகும் தெரியாது, செய்தி போகாமலே நின்றுவிடும்.

பழைய கதை என்பீர்கள். 2019 டிசம்பர் 30 அன்று வூகானில் கண் மருத்துவர் லி வென்லியாங், தன்னோடு மருத்துவம் படித்தவர்களின் வீசாட் குழுவில், சார்ஸ் போன்ற நோயோடு ஏழு பேர் வந்திருப்பதாக எழுதினார். வீட்டில் உள்ளவர்களைக் கவனமாக இருக்கச் சொல்லுங்கள் என்பதே அவர் கேட்டது. கூடப் படித்தவர்களிடம் சொன்ன அந்தச் சொல்லுக்காக 2020 ஜனவரி 3 அன்று காவல் நிலையத்தில் கண்டனக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பிப்ரவரி 7 அன்று அதே நோயில் அவர் இறந்தார். ஜனவரி முதல் தேதியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை, வீசாட் குழு உரையாடல்களில் இந்த நோய் தொடர்பாகத் தடுக்கப்பட்ட 516 சொற்கோவைகளைச் சிட்டிசன் லேப் கண்டுபிடித்தது. மருத்துவர் மருத்துவருக்குச் சொல்லும் நோய்ச் செய்தி சாதாரணப் பேச்சு இல்லையென்றால், எதுதான் சாதாரணம்?

ஐந்தாவது: “வெளிநாட்டுக்காரங்களைத் தொட மாட்டாங்க.” சீன எண்ணில் தொடங்கிய வீசாட் கணக்கு, பிறகு வேறு நாட்டு எண்ணுக்கு மாற்றினாலும் சீனத் தணிக்கைக்குள்ளேயே இருக்கிறது என்று 2016இலேயே ஆய்வில் வந்துவிட்டது. அங்கே போனதும் நம் பிள்ளைகள் வாங்குவது சீன சிம். நாலு வருடம் கழித்து வெளிவந்த 2020 ஆய்வு இன்னும் மோசம்: சீனாவுக்கு வெளியே பதிவான கணக்குகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் படங்களும் கோப்புகளும்கூட அலசப்பட்டு, உள்ளே இருப்பவர்களைத் தணிக்கை செய்யும் பட்டியலுக்குத் தீனியாகின்றன. அதே ஆண்டு ஜூன் 29 அன்று நம் அரசும் 59 செயலிகளைத் தடுத்தது, அவற்றில் வீசாட்டும் ஒன்று. மேடையில் நின்று ‘வீசாட் இருக்கே’ என்றவர்கள் அன்றைக்கு எந்தப் பெற்றோருக்கும் பதில் சொல்ல வரவில்லை.

ஆறாவது: “அமெரிக்காவும்தான் ஒட்டுக்கேக்குது.” ஆமாம். 2013இல் ஸ்னோடென் வெளியிட்ட அமெரிக்க உளவுத்துறை ஆவணங்களில் ஸ்கைப்பின் பெயரும் இருந்தது. பக்கத்து வீட்டில் திருடு போனால் என் வீட்டுத் திருடன் நல்லவனாகிவிடுவானா?

என் அக்கா மகன் கதையைச் சொல்லி முடிக்கிறேன். 2020 ஜனவரி இரண்டாவது வாரம் அக்கா அவனிடம், “ஏதோ காய்ச்சல்னு டிவில சொல்றானே, உங்க ஆஸ்பத்திரில எப்படிப்பா இருக்கு?” என்று கேட்டாள். “நல்லாருக்கும்மா. நீ பொங்கலுக்கு என்ன பண்ணப் போற?” என்றான். படம் தெளிவாக இருந்தது, குரலும் தெளிவாக இருந்தது. அக்கா நம்பிவிட்டாள். மாத முடிவில் ஊருக்கு வந்தவன், முதல் நாள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். ஆஸ்பத்திரி விஷயம் எதையும் போனில் பேச வேண்டாம் என்று சீனியர்கள் முன்பே சொல்லி வைத்திருந்தார்களாம். அவனை யாரும் மிரட்டவில்லை, அவனுடைய செய்தி எதுவும் நிற்கவில்லை. அவனாகவே நிறுத்திக்கொண்டான். “அப்ப ரெண்டு வாரமா நாம என்னடா பேசிக்கிட்டு இருந்தோம்?” என்று அக்கா கேட்டாள். அவனிடம் பதில் இல்லை.

மண்டபத்தில் கைதட்டு வாங்கியவருக்கு நான் சொல்ல விரும்புவதும் அந்தக் கேள்விதான். போன் அடித்தது, எடுத்தான், முகம் தெரிந்தது. மகனுக்குக் காய்ச்சல் பயம் இருக்கிறதா என்று ஒரு தாய் தெரிந்துகொள்ள, அவன் மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடந்து அவள் திண்ணைக்கு வர வேண்டியிருந்தது. அந்தக் கடைசி வரிசைத் தகப்பனாருக்கு அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும்: பேசலாம் ஐயா, ஆனால் பிள்ளை எதைச் சொல்லாமல் விடுகிறான் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.