கணினி மாநாடும் நம் வீட்டுப் பிள்ளையும்

‘உயர்கல்வியில் தகவல் தொழில்நுட்பம்’ என்ற தலைப்பில் வட்டார மாநாடுகள் நடந்த வண்ணம் இருக்கின்றன. மேற்கு வட்டாரம், தெற்கு வட்டாரம், வடகிழக்கு வட்டாரம் என்று அழைப்பிதழ்கள் அச்சாகின்றன. துணைவேந்தர் குத்துவிளக்கு ஏற்றுகிறார். பேராசிரியர்கள் கட்டுரை வாசிக்கிறார்கள். கடைசி நாள் மாலை தீர்மானங்கள் நிறைவேறுகின்றன. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் கூலி வேலை செய்து பிழைக்கும் நமக்கு அங்கே என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. அங்கே பேசப்படுவது நம் பிள்ளைகளின் படிப்பு. ஆனால் அந்த மேடையில் நம் குரல் ஒலிப்பதில்லை.

நடந்திருப்பதை முதலில் பார்ப்போம். 2003-இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, தங்கள் பாடங்களைப் படமெடுத்து நாட்டுக்கு வழங்கும் திட்டத்தைத் தொடங்கின. 2017 ஜூலை 9-இல் மத்திய அரசு ‘ஸ்வயம்’ என்னும் இணையக் கல்வித் தளத்தைத் திறந்தது. 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு புதிய விதி ஒன்றைச் செய்தது. அதன்படி, ஒரு பருவத்துக்குரிய பாடங்களில் 40 விழுக்காடு வரை மாணவர்கள் அந்தத் தளத்திலேயே படித்து மதிப்பெண் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். முன்பு இந்த வரம்பு 20 விழுக்காடு. கல்லூரிக் கூரையின் கீழ் நடந்த பாடத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வரை வீட்டுக் கூரையின் கீழ் போகலாம் என்பதே இதன் பொருள்.

யார் வீட்டுக் கூரை? அதுதான் நம் கேள்வி.

பத்துக்குப் பன்னிரண்டு அறை. இரவு வேலை முடித்து வந்த தகப்பன் பகலில் அங்கேதான் படுத்துத் தூங்குகிறார். மறுநாள் விற்பனைக்கு இட்லி மாவு அரைக்கும் சத்தம் சாயங்காலம் அங்கேதான் கேட்கிறது. வீட்டில் நல்ல கைப்பேசி ஒன்றுதான். அது வேலைக்குப் போகிறவர் சட்டைப்பையில் போய்விடுகிறது. திரும்பி வந்தபின் முதலில் அண்ணன் கைக்குப் போகிறது. தங்கை கைக்கு வரும்போது மணி பதினொன்று. நம்மில் எத்தனை வீடுகளில் இதுவே நடைமுறை என்பதை நெஞ்சைத் தொட்டுச் சொல்லுவோம்.

அரசின் கணக்கே இதற்குச் சான்று. 2017-18-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்றில், கணினி உள்ள குடும்பங்கள் நகரத்தில் நூற்றுக்கு 23, கிராமத்தில் நூற்றுக்கு 4 என்று தெரிய வந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 2020-இல் பெருந்தொற்று வந்து கல்லூரிகள் மூடப்பட்டு, வகுப்பு முழுவதும் இணையத்துக்குப் போன காலத்தில் நாடு இருந்த நிலை இதுதான்.

“இப்போதுதான் எல்லார் கையிலும் கைப்பேசி வந்துவிட்டதே” என்பார்கள். வந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் உள்ளங்கை அகலத் திரையில் சினிமா பார்க்கலாம்; பத்துப் பக்கக் கட்டுரை எழுத முடியுமா? கணக்கியல் பாடத்துக்கு வரவுசெலவுப் பட்டியல் போட முடியுமா? 28 நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்யத் தவறினால் பாடமும் அன்றோடு நின்றுபோகிறதே, அதற்கு யார் பொறுப்பு?

கருவியைப் பொதுவில் வைப்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையோடு நம் விண்வெளி ஆய்வு நிறுவனம் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுபோனது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையில் பெரியவர்களுக்கும் நிகழ்ச்சி. அந்தக் கிராமத்து ஏழையிடம் போய் ‘நீ ஒரு பெட்டி வாங்கி வை’ என்று யாரும் சொல்லவில்லை. ஊர்ப் பொது இடத்தில் அரசே பெட்டியை வைத்தது. அதைப் பழுதுபார்க்கவும் ஏற்பாடு செய்தது. நிகழ்ச்சிகளும் அந்தந்த வட்டாரத்து மொழியில், இந்தியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒரியாவிலும் வந்தன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அரசு தன் தலையில் போட்டுக்கொண்ட செலவு, இன்று கூலிக்காரன் தலையில் இறங்கியிருக்கிறது. அதற்கு முன்னேற்றம் என்று பெயர்!

பொது ஏற்பாடு இன்றும் முடியாததல்ல. 2020 ஜூனில் கேரளத்தில் தொலைக்காட்சி வழிப் பள்ளிப் பாடம் தொடங்கியபோது, வீட்டில் பெட்டி இல்லாத பிள்ளைகளுக்காக நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பார்க்க வழி செய்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2019 செப்டம்பரில், கல்லூரி விடுதி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையோடு சேர்ந்தது என்று கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமை என்றால் அது காசு இருப்பவனுக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது.

அடுத்தது மொழி. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு 2022-இல் வந்தபோது, 13 மொழிகளில் எழுதலாம் என்றார்கள். தமிழும் அதில் ஒன்று. நல்லது. தமிழில் தேர்வெழுதி உள்ளே போன பிள்ளைக்கு உள்ளே காத்திருப்பது ஆங்கிலப் பாடம். வாசற்படி தமிழ், வீடு ஆங்கிலம். தமிழ்வழிப் பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண், கல்லூரியில் முதலாண்டே வாய் மூடி உட்கார்ந்துவிடுவது ஏன் என்று எந்த மாநாடு கேட்டது?

மாநாடே வீண் என்பது நம் கட்சியல்ல. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடியது. உலகத் தமிழர்க்கெல்லாம் ஓர் இணையப் பல்கலைக்கழகம் என்ற அறிவிப்பு அங்கேதான் வந்தது. 2001-இல் அது செயலுக்கும் வந்தது. இன்று நாம் தட்டும் ‘தமிழ் 99’ விசைப்பலகை முறையும் அந்த மாநாட்டின் பயனே. மாநாடு மனம் வைத்தால் நடக்கும் என்பதற்கு இது போதும்.

எனவே இத்தகைய மாநாடுகளைக் கூட்டுவோர் முன் நம் கோரிக்கைகளை வைப்போம்.

முதலாவது, தொழிலாளர் குடியிருப்புகளில் கணினியும் இணைப்பும் உள்ள பொதுப் படிப்பகம் வேண்டும். மாநகராட்சிப் பள்ளிக் கட்டடங்கள் மாலையில் சும்மாதானே கிடக்கின்றன! இரவு பத்து மணி வரை அவற்றைத் திறந்து வையுங்கள். சொல்லிக்கொடுக்க ஓர் ஆளையும் அமர்த்துங்கள். இரண்டாவது, ‘ஸ்வயம்’ தளத்தில் பாடம் இலவசம். ஆனால் தேர்வெழுதிச் சான்றிதழ் பெறக் கட்டணம் உண்டு. ஏழை மாணவர்க்கு அதை நீக்குங்கள். மூன்றாவது, எத்தனை பாடம் ஏற்றினோம் என்ற கணக்கோடு, கூலி வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்ற கணக்கையும் வெளியிடுங்கள். நான்காவது, தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம், அந்த மாநிலத்து அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் படிப்போர்க்கு உரியதாக இருந்தது. வெளிமாநிலத்தில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளை அத்தகைய திட்டங்களில் எந்த அரசாவது சேர்க்க வேண்டாமா? ஊரைவிட்டு வந்தது வயிற்றுக்காக. அந்தக் குற்றத்துக்குப் பிள்ளைகளைத் தண்டிப்பது நியாயமா?

அடுத்தவரைக் கேட்கும் முன் நம்மையும் கேட்டுக்கொள்வோம். நம் சங்கங்களின் அறைகள் பலவும் வாரத்தில் பாதி மாலைகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆண்டு விழாவுக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் வைக்கத் திரட்டும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால், பழைய கணினி இரண்டும் ஓர் இணைப்பும் வாங்க முடியாதா? கல்லூரி முடித்த நம் இளைஞர்கள் வாரம் இரண்டு மாலை வந்து உட்கார மாட்டார்களா? பெண் பிள்ளைகளை அங்கே அனுப்பத் தாய்மார்களும் துணிய வேண்டும். அனுப்பும்படி அந்த இடத்தை நாம் நடத்த வேண்டும்.

முதலில் நம் அறையைத் திறப்போம். பிறகு அந்தப் பிள்ளைகளையே முன்னே நிறுத்தி, அடுத்த மாநாட்டின் வாசலுக்குப் போவோம். அப்போது நம் கோரிக்கையைத் தட்டிக் கழிப்பது அவர்களுக்கு எளிதாக இராது.