ஏடு இல்லாத கழகத்துக்கு உரிமை ஏது?

மதுரங்குளியை அடுத்த கனமூலையிலும் அதைச் சூழ்ந்த புத்தளம் கரையோரக் கிராமங்களிலும் உதைபந்தாட்டத்தின்மீது மக்கள் கொண்டிருக்கும் அபிமானத்துக்குக் குறைவில்லை. ஆயினும், பதினைந்து இருபது ஆண்டுகள் ஊருக்காக விளையாடி ஓய்ந்த ஒருவர் எத்தனை போட்டிகளில் ஆடினார், எத்தனை கோல் அடித்தார், எந்த ஆண்டில் எந்தக் கழகத்திலிருந்து வந்து எந்தக் கழகத்துக்குப் போனார் என்று கேட்டால், நமது கிராமக் கழகங்களிற் பெரும்பாலானவற்றில் எடுத்துக் காட்டுவதற்கு ஓர் ஏடு இராது. மூத்தவர்களின் ஞாபகமே ஆதாரம், அந்த ஞாபகமும் ஆளுக்கொரு விதம். இந்நிலை இனியும் நீடிக்கலாகாது என்பதே நமது துணிபு.

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1888ஆம் ஆண்டு தன் முதலாவது ஆட்டத்தை ஆடிய செல்டிக் கழகத்தைப் பாருங்கள். 1937இல் ஓய்வு பெற்ற ஜிம்மி மக்குரோரி அக்கழகத்துக்காக லீக், ஸ்கொட்டிஷ் கிண்ண ஆட்டங்களில் 468 கோல்கள் போட்டார் என்பதை இன்றும் ஐயமின்றிச் சொல்கிறார்கள். அது பெருவீரர் ஒருவரின் கீர்த்தி என்று தள்ளிவிடலாம். ஆனால், கல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்திலிருந்து 1936இல் அங்கு சென்று, சப்பாத்து அணியாமல், துணிப்பட்டி சுற்றிய கால்களோடு செல்டிக்கின் இரண்டாம் நிலை அணியில் ஓரிரு ஆட்டங்களே ஆடிவிட்டுத் தாயகம் திரும்பிய முகம்மது சலீமை, கால்ஸ்டன் அணியை 7–1 என்று வென்ற ஆட்டத்தோடு சேர்த்து, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாகியும் உலகம் நினைவில் வைத்திருக்கிறதே, அது எதனால்? அன்று நடந்ததை அன்றே எழுதி வைத்தவர்கள் இருந்ததனால் அல்லவா?

இது வெறும் பெருமை பற்றிய விஷயமுமன்று. நைரோபியில் பந்து பழகிய விக்டர் வன்யாமாவை 2011இல் பெல்ஜியத்திலிருந்து சுமார் 9 இலட்சம் பவுணுக்கு வாங்கிய செல்டிக், 2013இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் கழகத்துக்கு ஏறத்தாழ 125 இலட்சம் பவுணுக்குக் கொடுத்தது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஒரு வீரர் நாடுவிட்டு நாடு மாறும்போது, அந்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்து வீதம், அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றிய கழகங்களுக்குப் பகிரப்பட வேண்டும் என்பது பீபாவின் விதி: 15 வயது வரை ஒவ்வொரு பருவத்துக்கும் கால் வீதம், அதன் பின்னர் அரை வீதம். வன்யாமாவின் தொகையில் கால் வீதம் என்பதே 31,250 பவுண்! ஆனால், சிறுவன் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை எந்தக் கழகத்தில் பதிவாகியிருந்தான் என்பதற்கு அத்தாட்சி உள்ள கழகத்துக்கே அந்தப் பங்கு சேரும். 2022இல் பீபா பாரிஸில் நிறுவிய தீர்வகம் இப்பங்கீட்டைச் செய்வதும் பதிவேடுகளைக் கொண்டுதான்.

'கனமூலைப் பையனை எந்த வெளிநாட்டுக் கழகம் கேட்கப் போகிறது?' என்று சிரிப்பவர்கள் உண்டு. நமது தேசிய அணியின் பந்துக் காப்பாளர் சுஜான் பெரேரா மாலைதீவுக் கழகங்களுக்கு ஆடியவர் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். வெளிநாடு வேண்டாம், இராணுவம், கடற்படை, பொலிஸ் ஆகியவற்றின் அணிகளில் சேர விரும்பும் வாலிபன் தன் திறமையை எதைக் காட்டி நிரூபிப்பான்? இவை எவையும் கைகூடாவிடினும், போட்டி நாளன்று 'இவன் எங்கள் ஆள், இல்லை உங்கள் ஆள்' என்று மைதானத்தில் எழும் வாய்ச்சண்டையாவது ஓயுமே.

இதற்குப் பெருஞ்செலவும் வேண்டியதில்லை. ஒரு சீ.ஆர். கொப்பி போதும்: வீரரின் பெயர், பிறந்த திகதி, பிறப்புச் சான்றிதழ் இலக்கம், சேர்ந்த நாள், விலகிய நாள், போன கழகம், ஒவ்வொரு போட்டிக்கும் பதினொருவர் பெயரும், மாற்று வீரர் இறங்கிய நிமிடமும், கோல் அடித்தவர் பெயரும், அடியில் இரு தலைவர்களதும் மத்தியஸ்தரதும் கையொப்பமும். பள்ளிவாசலில் நிக்காஹ் பதிவையும், சங்கங்களில் சந்தாக் கணக்கையும் தலைமுறை தலைமுறையாக ஒழுங்காக எழுதி வருகின்ற நமது ஊர்களுக்கு இது அப்பாற்பட்ட வித்தையன்று. ஆனால், அந்த ஏடு காரியதரிசியின் வீட்டு அலுமாரிக்குரியதல்ல, கழகத்துக்குரியது. நிர்வாகம் மாறும்போது திறப்போடு அதுவும் கைமாற வேண்டும்.

கழகங்களை மட்டும் கடிந்துகொள்வது நியாயமாகாது. பதவிப் பிணக்குகளும் வெளியார் தலையீடும் முற்றி, 2023 ஜனவரியில் பீபாவினால் இடைநிறுத்தப்பட்டு ஆகஸ்டில் மீண்ட நமது உதைபந்தாட்டச் சம்மேளனம், நாற்காலிகளுக்காகச் செலவிட்ட சக்தியிற் சிறு பகுதியைக் கிராமத்துச் சிறுவர்களைப் பதிவதிற் செலவிட்டிருந்தால் எவ்வளவோ பிரயோசனமாயிருந்திருக்கும். பன்னிரண்டு வயதுப் பையனும் பயணச் செலவின்றித் தன் ஊரிலேயே பதிவாவதற்கு வழி செய்வது சம்மேளனத்தின் கடமை.

ஆகவே, அடுத்த பருவம் முதல், வீரர் பதிவேட்டைச் சமர்ப்பிக்காத எந்த அணியையும் போட்டிகளிற் சேர்ப்பதில்லை என்று மாவட்ட லீக் தீர்மானிக்க வேண்டும். அதற்கு முன், ஏடு எழுதும் முறையைக் கழகக் காரியதரிசிகளுக்குக் கற்பிக்கவும் வேண்டும். முதற் பருவத்தில் சில அணிகள் வெளியே நிற்க நேரலாம், முணுமுணுப்பும் எழலாம். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். உழைத்து வளர்த்த பையன்மீது ஊருக்குள்ள உரிமையை, எழுதி வைக்காத ஒரே காரணத்தால் இழப்பதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியாது.