போலீஸ், தீயணைப்பு வீரர் பேரைச் சொல்லி போன்ல நன்கொடை கேட்டா கொடுக்கலாமா?



"சார், போலீஸ் வெல்ஃபேர்ல இருந்து பேசறோம். டூட்டியில உயிர் விட்டவங்க குடும்பத்துக்கு நிதி திரட்டறோம். உங்க பேர்ல ஒரு ஆயிரம் போட்டுக்கட்டுமா?"

இப்படி ஒரு போன் வந்தா நீங்க என்ன சொல்வீங்க? இன்னைக்கு போலீஸ் பேர்ல வரும், நாளைக்கு தீயணைப்பு வீரர் பேர்லயோ ராணுவ வீரர் பேர்லயோ வரும். ஜூஜுவாடி, மூக்கண்டப்பள்ளி, சிப்காட் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்ககிட்ட தமிழ்லயும் பேசுவாங்க, கன்னடத்துலயும் இந்தியிலயும் பேசுவாங்க.

நம்ம நிலைப்பாட்டை முதல்லயே சொல்லிடறோம். போன்ல ஒரு ரூபா கூட கொடுக்காதீங்க. ஆனா கொடுக்கிற மனசை மட்டும் விட்டுடாதீங்க.

கோயில் திருவிழாவுக்கு வசூல் கேட்டு வந்தா, கையில காசு இல்லேன்னா "அடுத்த மாசம் பார்க்கலாம்ங்க"ன்னு கூசாம சொல்லிடறோம். ஆனா போலீஸ்னு சொல்லிக் கேட்டா அந்த வார்த்தை வாயில வராது. தினமும் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போற லாரி ஓனருக்கு, நாளைக்கு வண்டியை ஓரங்கட்டச் சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம். ராத்திரி பத்து மணி வரைக்கும் டீக்கடை நடத்துறவருக்கு வேற பயம். அந்தப் பயத்துல 500 ரூபா கொடுத்தா அது தானம் ஆகாது தோழர்களே. மாட்டேன்னு சொல்ல முடியாத இடத்துல கொடுக்கிற காசுக்கு தமிழ்ல மாமூல்னு பேர்.

வியாபாரிகளுக்கு இது பழைய கதை. தலைப்புல 'காவல்'னு ஒரு சொல்லை வெச்சுக்கிட்டு மாத இதழ், டைரி, காலண்டர், ஆண்டு மலர்னு போடுவாங்க. "ஒரு விளம்பரம் கொடுங்க, ஒரு சந்தா போடுங்க"ன்னு போன் வரும். காவல்துறைக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு கேட்க யாருக்கும் தைரியம் வராது. அந்தத் தயக்கம்தான் அவங்களுக்கு மூலதனம்.

இங்க ஒண்ணு தெரிஞ்சு வெச்சுக்கணும். அரசு முன் அனுமதி இல்லாம அரசு ஊழியர் பொதுமக்கள்கிட்ட நிதி திரட்டக் கூடாதுன்னு நடத்தை விதிகளே சொல்லுது. போன் பண்றவர் போலீஸ் இல்லேன்னா அது மோசடி. நிஜமாவே போலீஸா இருந்து அனுமதி இல்லாம கேட்டா அது விதிமீறல். ரெண்டுல எதுவா இருந்தாலும் நீங்க பணம் கொடுக்க வேண்டியதில்லை.

நம்ம எல்லைப் பகுதிக்குன்னு ஒரு தனிச் சிக்கலும் இருக்கு. ஜூஜுவாடியைத் தாண்டினா அத்திப்பள்ளி, அது கர்நாடகா. "அத்திப்பள்ளி ஸ்டேஷன்ல இருந்து பேசறேன்"னு ஒருத்தர் கன்னடத்துல சொன்னா, யாருகிட்ட போய் சரிபார்க்கிறதுன்னு இந்தப் பக்கம் இருக்கிறவருக்குத் தெரியாது. அந்தப் பக்கம் வேலைக்குப் போயிட்டு வர்றவருக்கு இன்னும் குழப்பம்.

அத்திப்பள்ளின்னு சொன்னதும் 2023 அக்டோபர் 7 ஞாபகம் வராம இருக்காது. பட்டாசுக் கடையில் பிடித்த தீயில் 14-க்கும் மேற்பட்டவர்கள் கருகிப் போனார்கள். தீபாவளி சீசன் வேலைக்குப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அவர்களில் நிறையப் பேர். அன்னைக்கு அந்தத் தீக்குள்ள தண்ணிக் குழாயோட போனவங்க தீயணைப்பு வீரர்கள். அந்தக் குடும்பங்களுக்கு உதவி எப்படி வந்தது? தமிழ்நாடு அரசு தலா 3 லட்சம், கர்நாடக அரசு தலா 5 லட்சம்னு முதலமைச்சர்கள் ஊரறிய அறிவிச்சாங்க. எவ்வளவு, யாருக்கு, யார் கொடுக்கிறாங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது. உண்மையான உதவி வெளிச்சத்துல நடக்கும். முகம் தெரியாத நம்பர்ல இருந்து "அஞ்சு நிமிஷத்துல ஜிபே பண்ணுங்க"ன்னு அவசரப்படுத்தாது.

துக்கம் சூடா இருக்கும்போது நம்ம மனசு இளகி இருக்கும். மோசடிக்காரன் அந்த நேரத்துக்குத்தான் காத்திருக்கான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக பி.எம். கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்ட சில நாட்களிலேயே அதே மாதிரி ஒரு போலி யுபிஐ முகவரி கிளம்பியது. உண்மையான முகவரிக்கும் போலிக்கும் வித்தியாசம் 'எஸ்' என்கிற ஒரே எழுத்துதான். டெல்லி போலீஸ்தான் அதைக் கண்டுபிடித்து எச்சரித்தது. நாட்டின் பிரதமர் அறிவித்த நிதிக்கே இந்தக் கதின்னா, "போலீஸ் வெல்ஃபேர்"னு வாயால சொல்ற பேருக்கு என்ன உத்தரவாதம்?

"போன் பண்றவங்க எல்லாருமே திருடங்களா? நிஜமான தொண்டு நிறுவனமும் போன் பண்ணுதே"ன்னு சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவுல என்ன நடந்ததுன்னு பாருங்க. போலீஸ், தீயணைப்பு வீரர், முன்னாள் ராணுவத்தினர் பேர்ல போன்ல வசூல் பண்றது அங்க பெரிய தொழில். 2003-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன ஒரு வழக்குல, முன்னாள் ராணுவத்தினருக்காக வசூலான ஒவ்வொரு 100 ரூபாயிலும் 85 ரூபாயை வசூல் கம்பெனியே எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் இருந்தது. 2021-ல் அங்கே மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து மூட வைத்த இன்னொரு வசூல் கம்பெனி 130 கோடிக்கும் மேல் போன் அழைப்புகளைச் செய்திருந்தது. ரூபாய்க்கு 90 காசு வரைக்கும் அவங்க பைக்குள்ளயே போச்சு. பேர் நிஜமா இருந்தும் காசு போய்ச் சேரலை. அதனால, நிறுவனம் உண்மையானதுன்னு தெரிஞ்சாலும் போனை வெச்சுட்டு, நீங்களா விசாரிச்சு, நேரடியா கொடுங்க. நல்ல நிறுவனம் நாளைக்கும் அங்கதான் இருக்கும்.

இப்ப அரசியலா ஒரு கேள்வி கேட்கணும். 1959 அக்டோபர் 21 அன்று லடாக்கில் 10 மத்திய ரிசர்வ் போலீஸார் உயிர் கொடுத்ததால்தான் அந்த நாள் காவலர் வீரவணக்க நாள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது தீயை அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் திரும்பி வரவில்லை. அதனால்தான் ஏப்ரல் 14 முதல் தீத்தொண்டு வாரம். இப்படிப்பட்டவங்க குடும்பத்துக்குச் சோறு போடறது யார் பொறுப்பு? அரசு பொறுப்பு. கருணைத் தொகை, ஓய்வூதியம், வாரிசு வேலை எல்லாம் அவங்க உரிமை. நம்ம வரிப்பணத்துல நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியது. அது தாமதமானா தெருவுல நின்னு குரல் கொடுக்கத்தான் நாம இருக்கோம். சக காவலர் இறந்துட்டா, அவரோட ஒண்ணா பணியில சேர்ந்தவங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கிறதைச் செய்தியில பார்க்கிறோம். அந்த மனசுக்கு நம்ம வணக்கம். ஆனா அதைச் செய்யற நிலைமைக்கு அவங்களை விட்ட அரசாங்கத்தைக் கேள்வி கேட்காம விட முடியாது.

சரி, கொடுக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு வழி இருக்கு.

1. டிசம்பர் 7 கொடி நாள். 1949-ல் இருந்து நடக்குது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம், முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியா கொடுத்து ரசீது வாங்குங்க.

2. மத்திய ஆயுதக் காவல் படை வீரர்களுக்கு, உள்துறையின் 'பாரத் கே வீர்' தளம் 2017-ல் இருந்து இருக்கு. பணியில உயிர் விட்ட வீரர் குடும்பத்தின் கணக்குக்கே பணம் போகும்.

3. முதலமைச்சரின் பொது நிவாரண நிதி. அரசு இணையதளத்துல கணக்கு விவரத்தை நீங்களே தேடி எடுங்க. வாட்ஸ்அப்ல வந்த லிங்க்கைத் தொடாதீங்க.

4. உங்க தெருவிலேயே அப்படி ஒரு குடும்பம் இருந்தா நேரா போய்ப் பாருங்க. பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுங்க. அதுக்கு மிஞ்சின தர்மம் இல்ல.

போன் வந்தா, "நான் ஸ்டேஷனுக்கே நேர்ல வந்து கொடுக்கிறேன்"னு சொல்லிப் பாருங்க. மோசடின்னா பாதிப் பேர் அங்கயே கட் பண்ணிடுவான். சந்தேகமா இருந்தா சிப்காட் காவல் நிலையத்துலயோ ஓசூர் தீயணைப்பு நிலையத்துலயோ நேரா கேளுங்க. ஓ.டி.பி., யுபிஐ பின் எதையும் யாருக்கும் சொல்லாதீங்க.

ஏற்கெனவே பணம் போயிருந்தா வெட்கப்பட்டு மறைக்காதீங்க. உடனே 1930-க்குக் கூப்பிடுங்க. இந்தியா முழுக்க ஒரே நம்பர்தான், நீங்க எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமாங்கிற கவலையே வேண்டாம். எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, அந்தப் பணத்தை பேங்க்ல நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. பணம் போகலைன்னாலும், சஞ்சார் சாத்தி தளத்தின் 'சக்ஷு' பகுதியில அந்த நம்பரைப் புகார் பண்ணுங்க.

நம்ம கட்சி பேரைச் சொல்லி போன்ல நிதி கேட்டாலும் இதே விதிதான். ரசீது இல்லாம, முகம் தெரியாத ஆளுக்கு ஒரு பைசா கொடுக்காதீங்க. நமக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் கிடையாது.

அரசுக்கு நம்ம கோரிக்கை இது: காவல்துறை, தீயணைப்புத் துறை பேர்ல அங்கீகரிக்கப்பட்ட நிதிக் கணக்கு எது, எது இல்லைங்கிறதை எல்லா நிலையத்து வாசல்லயும் தமிழ், கன்னடம், இந்தியில பலகையா எழுதி வைக்கணும். நம்ம எல்லை ஊர்கள்ல இருந்து அதை ஆரம்பிக்கட்டும்.

இந்தப் பதிவை உங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவுல போடுங்க. வீட்ல தனியா இருக்கிற அப்பா அம்மாவுக்கும், கடையில உட்கார்ந்திருக்கிற அண்ணாச்சிக்கும் வாயால ஒரு தடவை சொல்லிடுங்க. போன் அவங்களுக்குத்தான் முதல்ல வரும்.

#போன்ல_நன்கொடை_வேண்டாம் #ரசீது_கேளுங்க #ஓசூர் #ஜூஜுவாடி