தங்கம் போயிற்று, மண் இருக்கிறது

ஆடி மாதம் பிறந்தால் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவது நம் வழக்கம். எங்கள் கோலார் தங்கவயலிலும் ஊற்றுகிறோம். ஆனால் இங்கே கூழ்ப்பானையைத் தட்டால் மூடி வைத்துக்கொண்டுதான் ஊற்ற வேண்டியிருக்கிறது. காரணம், காற்று. அந்த மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று சயனைடு மேடுகளின் மேல்மண்ணை வாரிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கொட்டும். கொடியில் காயும் வேட்டி, திண்ணை, குடத்துத் தண்ணீர் எல்லாவற்றின் மேலும் மாவு போல ஒரு படலம் படியும். என் தாயார் வாசலில் ஈரச் சாக்கைக் கட்டித் தொங்கவிடுவார். இன்று என் மருமகள் ஜன்னல் இடுக்குகளில் பழந்துணியைச் செருகுகிறாள். இரண்டு தலைமுறை கடந்தும் மேடு அப்படியே நிற்கிறது.

சங்க இதழில் மொழி, இலக்கியம், விழாச் செய்தி என்று படித்துப் பழகிய வாசகர்கள், இவன் என்ன மண்ணைப் பற்றி எழுதுகிறான் என்று எண்ண வேண்டாம். பெங்களூரில் தங்கவயல்காரர் இல்லாத பேட்டை இல்லை. இதைப் படிப்பவர்களில் பலருக்குப் பாட்டன் வீடு மாரிக்குப்பத்திலோ சாம்பியன் ரீஃபிலோ ஒரு லைன் வீடாக இருந்திருக்கும். அதனால் இது உங்கள் ஊர்ச் செய்தியும்தான்.

1880ல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே காலூன்றியது. வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் நிலமற்ற ஏழைகள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து இவ்வூருக்கு மின்சாரம் வந்துவிட்டது. அந்த வெளிச்சம் சுரங்கத்துக்கும் துரைமார் பங்களாவுக்கும் வந்ததே தவிர, நம்மவரின் தட்டி வீடுகளுக்கு வர வெகுகாலம் ஆயிற்று. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் பூமிக்குள் இறங்கி, நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கும் அதிகமான தங்கத்தை மேலே அனுப்பினார்கள். பாறை சரிந்து மாண்டவர்கள் போக, பாறைத்தூசியை மூச்சோடு வாங்கி சிலிக்கோசிஸ் நோயால் இருமி இருமிப் போனவர்கள் எத்தனையோ பேர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. ஆட்கள் வெளியே வந்தார்கள். தங்கம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. மிஞ்சியது சலித்த மண்.

இந்த மண் எப்படி வந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்த நீரில் ஊறவைத்தால் தங்கம் அந்த நீரில் கரைந்து பிரியும். பிரிந்தபின் எஞ்சிய சக்கையை ஊருக்கு நடுவிலேயே குவித்தார்கள். குவித்தது குன்றுகளாயிற்று. அவற்றில் ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன் மண் இருப்பதாகக் கணக்கு. சினிமாக்காரர்கள் அங்கே வந்து சண்டைக் காட்சி எடுக்கிறார்கள். பெங்களூரிலிருந்து வரும் இளைஞர்கள் மேலே ஏறி நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். கீழே நாங்கள் குடியிருக்கிறோம்.

சயனைடு என்ற பெயரைக் கேட்டுப் பலர் அஞ்சுகிறார்கள். அந்த நஞ்சின் பெரும்பகுதி வெயிலிலும் காற்றிலும் சிதைந்துவிடக் கூடியது. சிதையாதது வேறு. மாவாக அரைபட்ட கல்லின் தூசி நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும். பாறையோடு வந்த உலோகங்களும் மழை நீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கும். சுரங்கத்துக்குள் இறங்கியவர் வாங்கிய தூசியை, சுரங்கத்தையே பார்த்திராத குழந்தை இன்று வாசலில் விளையாடும்போது வாங்குகிறது. பேருக்குப் பயந்து தூசியை மறந்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

இப்போது ஒரு புதிய நிலைமை. 2024 ஜூன் மாதத்தில், ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் கிடக்கும் 13 மேடுகளிலிருந்து மறுபடியும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. செய்தி வந்த அன்று ஊரில் பலர் மகிழ்ந்தார்கள். என் மகனும் மகிழ்ந்தான். இருட்டோடு எழுந்து ரயில் பிடித்துப் பெங்களூர் போய், இருட்டிய பின் வீடு திரும்புகிறவன் அவன். தன் குழந்தை விழித்திருக்கும்போது அதன் முகத்தைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். "அப்பா, மேட்டைத் தோண்டினாலாவது ஊரிலேயே வேலை கிடைக்குமே" என்றான். அவன் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். வேலை வேண்டாம் என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கும் வாய் வராது.

ஆனாலும் சில கேள்விகளை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். மேட்டு மண்ணில் ஒரு டன்னுக்கு ஒரு கிராம் தங்கம்கூடத் தேறாது. அந்தத் துளியைப் பிரித்த பின்பும் மூன்று கோடி டன் மண் மூன்று கோடி டன்னாகவேதான் இருக்கும். அதை எங்கே கொட்டுவார்கள்? சலித்ததை மறுபடி சலிக்க மறுபடியும் சயனைடு வேண்டும், மிகுந்த தண்ணீர் வேண்டும். கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. எங்களுக்குத் தண்ணீர் தந்து வளர்த்தது பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரி. பெங்களூரின் சாக்கடை நீரைச் சுத்திகரித்து 2018 முதல் கோலார் ஏரிகளுக்கு அனுப்பும் அளவுக்கு இம்மாவட்டத்தில் பஞ்சம். அந்த நீரையும் இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு விடாமல் மூன்றாம் கட்டமும் செய்து அனுப்புங்கள் என்று விவசாயிகள் மன்றாடி வருகிறார்கள். இந்த நிலையில் மண்ணைக் கழுவத் தண்ணீர் எங்கிருந்து வரும்? கழுவிய தண்ணீர் எங்கே போகும்? பாலாறு இங்கிருந்து ஆந்திரம் வழியாக வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் போகிற ஆறு. மேட்டில் தவறினால் கீழே இருக்கும் நம் உறவினர்களுக்கும் அது தவறுதான்.

சட்டம் இன்று நம் பக்கம் கொஞ்சம் உண்டு. சுரங்கத்தை மூடும்போது நிலத்தை எப்படிச் சீர்செய்வது என்ற திட்டம் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்று விதி வந்தது 2003ல். எங்கள் சுரங்கம் மூடி இரண்டு ஆண்டு கழித்து வந்த விதி அது. அடுத்து வருகிறவர்களிடம் அதை நாம் முதல் நாளே கேட்கலாம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கை, பெருந்திட்டங்களுக்கு மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டத்துக்கும் வழி செய்திருக்கிறது. முப்பது நாள் முன்னதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வரும். திட்டத்தின் சுருக்கம் மாநில மொழியில் வைக்கப்படும். நேரில் பேசலாம், எழுதியும் கொடுக்கலாம்.

இங்கேதான் நம் குறை. அந்த அறிவிப்பு கன்னடத்தில் வரும். என் வயதுக்காரர்களில் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியும்? சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருச் சாக்கடையைப் பற்றி ஓர் அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டு போனேன். தமிழில் எழுதியிருந்தேன். அங்கிருந்த எழுத்தர் கடிந்து பேசவில்லை. "பெரியவரே, இதை நான் யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது?" என்று பணிவாகவே கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து, ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியிடம் சொல்லச் சொல்ல அவள் கன்னடத்தில் எழுதினாள். அந்த மனு ஏற்கப்பட்டது. சாக்கடையும் ஒருவாறு சீரடைந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம். பிறந்து, உழைத்து, நாளை மண்ணில் சேரப்போகும் ஊரின் மொழியை எழுதப் படிக்கக் கற்பதால் நம் தமிழ் குறைந்துவிடாது. நம் பிள்ளைகளின் நுரையீரலுக்காகப் பேச வேண்டிய இடத்தில் பேச முடியாமல் போவதுதான் நமக்குக் குறைவு. சிலருக்கு இது கசக்கும். கசந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மேட்டைப் பற்றிக் குறைகூறும் நாமே, பழைய சுரங்க நிலத்தில் வீட்டுக் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். பெங்களூர்க் குப்பையைத் தங்கவயலில் கொட்டும் யோசனை 2012ல் எழுந்தபோது இவ்வூர் எதிர்த்தது. நியாயம்தான். நம் குப்பையை நாமே கொட்டும்போது அந்த நியாயம் எங்கே போகிறது?

சங்கங்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவே. பொங்கல் விழாவும் குறள் ஒப்புவித்தலும் குறைவின்றி நடக்கட்டும். கூடவே ஆண்டுக்கு ஒரு நாள் தங்கவயல் மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஒதுக்குங்கள். சட்டம் படித்தவர்கள், மருத்துவர்கள், பொறியாளர்கள் பெங்களூர்த் தமிழரில் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் பத்துப் பேர் வரட்டும். அறிவிப்பு வரும் நாளில் அதைப் படித்துச் சொல்லவும், கேள்விகளைக் கன்னடத்தில் எழுதிக் கொடுக்கவும் ஒரு சிறு குழு இருக்கட்டும். வேலை உள்ளூராருக்கு, தண்ணீருக்கு முதலில் கணக்கு, மண்ணுக்கு மேல் மண்மூடி மரம் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகு மேட்டில் மண்வெட்டி விழட்டும்.

தங்கத்தை எடுப்பவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். முன்பும் அப்படித்தான் போனார்கள். மண் இங்கேயே இருக்கும், அதோடு நாங்களும் இருப்போம். என் காலத்தில் இல்லாவிட்டாலும் என் பேத்தி காலத்திலாவது ஆடி மாதத்தில் கூழ்ப்பானையைத் திறந்து வைத்து ஊற்ற வேண்டும் என்பது என் ஆசை.