கேட்கும் உரிமை யாருக்கு?

நாடெங்கும் காவல்துறையின் வயர்லெஸ் மாறி வருகிறது. பழைய அனலாக் கருவிகள் போய் டிஜிட்டல் கருவிகள் வருகின்றன. டெல்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி டிஜிட்டல் வலையமைப்பு அமைக்கப்பட்டது. மற்ற மாநிலங்களும் அதே பாதையில் செல்கின்றன. ராயபுரத்தில் கடை வைத்திருப்பவருக்கும், எண்ணூரில் ஆலை வேலைக்குப் போகும் இளைஞருக்கும் இதில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நிறையவே இருக்கிறது.

பழைய வயர்லெஸில் காவலர்கள் பேசுவதை, அந்த அலைவரிசையைப் பிடிக்கும் கருவி உள்ள எவரும் கேட்க முடிந்தது. டிஜிட்டலில் பேச்சு எண்களாக மாறுகிறது. அதற்கு ரகசியப் பூட்டும் போட்டுவிட்டால் சாவி வைத்திருப்பவருக்கு மட்டுமே கேட்கும். திருடனும் கடத்தல்காரனும் ஒட்டுக் கேட்டுத் தப்பக் கூடாது என்பது காவல்துறையின் வாதம். அதில் நியாயம் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பூட்டு திருடனை மட்டுமா தடுக்கிறது?

1993 ஜனவரியை இந்தச் சமுதாயம் மறந்துவிட முடியாது. பம்பாய் பற்றி எரிந்தபோது காவல்துறை வயர்லெஸில் ஓடிய பேச்சுகள் ஒலிநாடாவில் பதிவாயின. பத்திரிகையாளர் டீஸ்டா செடல்வாட் அவற்றை எழுத்தில் வெளிக்கொண்டு வந்தார். காக்க வேண்டியவர்களே முஸ்லிம்களை இழிவாகப் பேசியதும், முஸ்லிம்களின் சொத்து என்றால் எரியட்டும் என்று விட்டதும் நாட்டுக்குத் தெரிந்தன. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் அங்கே உயிரிழந்த 900 பேரில் 575 பேர் முஸ்லிம்கள் என்று நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்கிட்டது. உதவி கேட்டுக் கதறிய முஸ்லிம்களைக் காவல்துறை அலட்சியப்படுத்தியதையும் 1998-இல் அளித்த அறிக்கையில் அது பதிவு செய்தது. அன்று ரகசியப் பூட்டு இருந்திருந்தால் அந்த ஒலிநாடா ஏது?

நம் தமிழகத்துக்கு வருவோம். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் பலியானார்கள். யார் உத்தரவிட்டது, எப்போது உத்தரவிட்டது என்பதே முதல் கேள்வியாக எழுந்தது. 17 காவல்துறையினர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை வர நான்கு ஆண்டுகள் ஆயின. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் அடித்துக் கொல்லப்பட்டபோது, காவல் நிலையக் கேமராப் பதிவுகள் அன்றாடம் தானாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குச் சென்ற மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். பதிவு யார் கையில் இருக்கிறதோ, உண்மையும் அவர் கையில்தான் சிக்கிக் கிடக்கிறது.

நம் பேச்சு மட்டும் அவர்களுக்குத் திறந்தே இருக்கிறது. தொலைபேசி ஒட்டுக் கேட்பு தனிமனித உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 18 அன்று கூறி, கட்டுப்பாடுகள் விதித்தது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் ஒட்டுக் கேட்கும் அதிகாரத்தை அரசுக்கு அப்படியே கொடுத்திருக்கிறது. அதிகாரி இட்ட உத்தரவை அதிகாரிகள் குழுவே மறுஆய்வு செய்கிறது. நீதிபதி எவரும் அதில் இல்லை. அவர்கள் நம்மைக் கேட்கலாம். நாம் அவர்களைக் கேள்வி கூடக் கேட்கக் கூடாது என்றால் இது என்ன நீதி?

அமெரிக்காவிலும் இதே விவாதம் நடக்கிறது. நியூயார்க் காவல்துறை 2023-இல் தன் வயர்லெஸைப் பூட்டத் தொடங்கியதும் பத்திரிகையாளர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். சிகாகோவில் பூட்டினாலும், 30 நிமிடம் தாமதித்துப் பொதுமக்கள் கேட்க வழி வைத்தார்கள். மனம் இருந்தால் மார்க்கம் உண்டு.

காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வயர்லெஸ் பேச்சுக்கும் அதே விதி வேண்டும். துப்பாக்கிச் சூடு, கலவரம், காவலில் மரணம் எது நடந்தாலும் அந்த நாளின் பதிவு உடனே முத்திரையிடப்பட்டு நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் அமோனியா கசிந்தபோது மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அத்தகைய நேரத்தில் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்தது, அந்த நிமிடமே ஊருக்கும் தெரிய வேண்டும். நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவையில் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் இவை.

நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. காவல்துறை அலைவரிசையை ஒட்டுக் கேட்கும் வேலையில் எவரும் இறங்க வேண்டாம். புதிய சட்டப்படி அதற்கு மூன்றாண்டு வரை சிறையும் இரண்டு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. மண்ணடியிலும் பர்மா பஜாரிலும் மின்னணுப் பொருள் விற்கும் வியாபாரிகள், அனுமதி ஆவணம் இல்லாத வாக்கி-டாக்கிகளைக் கடையில் வைக்கவே வேண்டாம். உரிமம் இல்லாத வாக்கி-டாக்கி விற்பனைக்காக 2025-இல் பெரிய இணைய வணிக நிறுவனங்களுக்கே மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. சின்னக் கடைக்காரரை விட்டுவைப்பார்களா?

பிறர் குறையைத் துருவித் திரியாதீர்கள் என்றும், செய்தி வந்தால் விசாரித்துத் தெளிவடையுங்கள் என்றும் அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. நாம் ஒளிந்திருந்து கேட்க விரும்பவில்லை. நீதிமன்றத்தில் நின்று, உரத்த குரலில், உரிமையோடு கேட்க விரும்புகிறோம். அதற்கான ஆதாரம் அழியாமல் காக்கப்பட வேண்டும். அதுவரை நம் குரல் ஓயாது, இன்ஷா அல்லாஹ்.