முகப்பருவுக்கு மருந்தா... வயிற்றுப் பிள்ளைக்கு வேட்டா?

மாசமாக இருக்கும் பெண்ணிடம், "பப்பாளி சாப்பிடாதே, அன்னாசி தொடாதே" என்று ஊரே பாடம் நடத்துகிறது. அவள் முகத்தில் என்ன பூசுகிறாள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. இதைப் பற்றித்தான் சகோதரிகளோடு கொஞ்சம் பேச ஆசைப்படுகிறேன்.

கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாறுதலால் தோலில் எண்ணெய்ப் பசை கூடி, பலருக்குப் பரு வருகிறது. பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் வளைகாப்பு போட்டோவில் முகம் பளிச்சென்று இருக்க வேண்டுமே! உடனே தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடுகிறோம்.

போன வருஷம் என் நாத்தனாருக்கு மூன்றாம் மாசம். "அண்ணி, கடையில கேட்டு வாங்கினேன். பத்து நாள்ல போயிடுமாம்" என்று ஒரு டியூபைக் காட்டினாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் சிவப்புக் கோடு! அதாவது, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. விற்றவர், "மாசமா இருக்கியாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லவேளை, அவள் அதைப் பிரிக்கவில்லை. மறுநாள் டாக்டரம்மாவிடம் காட்டினோம். "இதுல ட்ரெட்டினாயினும் இருக்கு, ஸ்டீராய்டும் இருக்கு. இப்ப தொடவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

பருவுக்கான மருந்து எல்லாம் ஒன்றல்ல. ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை 1982-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகள் அதைச் சாப்பிட்டால் பிள்ளையின் மூளை, இருதயம், காது, முகம் எல்லாம் பாதிக்கும். அதனால் 2006 முதல் அங்கே, கர்ப்பம் இல்லை என்று சோதனை செய்து பதிவு செய்த பிறகே பெண்களுக்கு அதைக் கொடுக்கிறார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த ட்ரெட்டினாயின், அடாபலீன் கிரீம்களையும் கர்ப்ப காலத்தில் தவிர்க்கச் சொல்கிறார்கள். டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரைகள் பிள்ளையின் பல்லிலும் எலும்பிலும் போய்ப் படியும்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2018-ல் மத்திய அரசு, ஸ்டீராய்டு கிரீம்களையும் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று ஆக்கியது. ஆனால் சட்டம் அட்டையில் இருக்கிறது, கல்லாவில் இல்லை. கேட்டால் கொடுக்கிறார்கள், கொடுத்தால் வாங்குகிறோம். முதல் சில வாரங்களில் மாசமாக இருப்பதே பலருக்குத் தெரியாது. பிள்ளையின் உறுப்புகள் உருவாகிறதும் அப்போதுதான். ஆபத்தே அங்கேதான்!

சீட்டு தேவைப்படாத சிவப்பழகு கிரீம் மட்டும் யோக்கியமா? 2023-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பார்த்தால், கிரீமில் பாதரசம்! தாய் உடம்பில் ஏறும் பாதரசம் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும். தயாரித்தவர் முகவரி இல்லாத டப்பாவை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது.

அப்போ பருவோடு அல்லாட வேண்டியதுதானா என்றால், இல்லை. மென்மையான சோப்பால் தினம் இரண்டு தடவை முகம் கழுவினால் போதும். அழுத்தித் தேய்க்கவோ, கிள்ளவோ கூடாது. தேவைப்பட்டால் அஸெலைக் ஆசிட், கிளிண்டமைசின் போன்ற பூச்சு மருந்துகளை டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள். இவை கர்ப்ப காலத்துக்கு ஏற்றவை. ஆனால் எது, எவ்வளவு என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு முயற்சி செய்பவர்களும், பரு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக இரண்டு கோரிக்கைகள். மாசாமாசம் எடை பார்க்கும் நர்சம்மாக்கள், "முகத்துக்கு என்னம்மா போடுறே?" என்றும் ஒரு கேள்வி கேட்கட்டும். மருந்துக்கடைகளில், "மாசமாக இருந்தால் முதலில் சொல்லுங்கள்" என்று ஒரு அட்டை தொங்கட்டும். இதற்குப் பெரிய செலவில்லை. வளைகாப்புக்கு வளையல் வாங்கும் மாமியார்களும் அம்மாக்களும் மருமகள், மகளின் அலமாரியில் உள்ள டியூபையும் ஒரு தடவை திருப்பிப் பார்க்கட்டும். பரு நாலு மாசத்தில் போய்விடும். பிள்ளைக்கு வரும் குறை ஆயுசுக்கும் போகாது.

- ஓர் இல்லத்தரசி, திருச்சி.